பென்சில் குறி போட்ட இடம்

இன்று காலையும் குக்கர் விசிலடித்தது. முதல் சத்தத்திலேயே ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். ஐந்து லிட்டர் குக்கர். மூடியில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே பம்பாயில் நம் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் ஐந்து பேரைப் பாலிசியில் சேர்த்துவிட்டதற்காக எனக்குக் கொடுத்தார்கள். ஐந்தாவது ஆள் நீ.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. டியூட்டி முடித்து சீத்தா கேம்ப் வீட்டில் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தாறு வயது. ஐம்பதிலேயே வார்டை விட்டுப் போயிருக்க வேண்டியவள் நீ.

உன் திட்டம் எனக்கு மனப்பாடம். செம்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், புடைத்த நரம்புள்ள காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அதைத்தான் சொல்வாய். "அம்பது ஆவட்டும்ட்டி, இந்த வார்டுக்கு ஒரு கும்பிடு. மாட்டுங்கால ஏதாச்சும் கிளினிக்ல காலம்பற மட்டும், ஒக்காந்து பாக்குத வேல. சம்பளம் கொறஞ்சா கொறயட்டும், எஸ்ஐபி இருக்குல்லா." அந்த எஸ்ஐபி பணத்தை ஒன்பது வருஷம் மாசம் தவறாமல் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தாய். தீபாவளிக்கும் நிறுத்தவில்லை, மகள் காலேஜில் சேர்ந்தபோதும் நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்த வைத்தேன்.

அந்த ஏஜெண்ட் சமோசாப் பொட்டலத்தோடு டியூட்டி ரூமுக்கு வருவான். நம் ஊர்க்காரன்தான், ஆனால் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன். "டென்ஷன் மத் லோ சிஸ்டர், கவலயே வேணாம், ஒரே ஒரு தடவ கட்டுனா போதும். அஞ்சு வருஷத்துல டபுள்" என்று பல்லைக் காட்டுவான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அவனை நீ நம்பவேயில்லை. அவன் வந்தாலே எழுந்து போய்விடுவாய். அதனால் அவன் ஃபாரத்தை என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைக்கச் சொன்னான். நானும் போட்டேன்.

ஓர் ஊசி மருந்தை மூன்று முறை படிக்காமல் நீ யாருக்கும் போட்டதில்லை. அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு முறை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு முறை. டாக்டர் அவசரப்படுத்தினாலும் உதடு அசையப் படிப்பாய். அப்படிப்பட்டவள் என்னிடம் ஃபாரத்தை வாங்கி, "நீ பாத்துட்டேல்லா? பெறகென்ன. எங்கட்டி போடணும்?" என்று கேட்டு, குறி இருந்த இடமெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டாய். ஒன்பது வருஷச் சேமிப்பையும் ஃபண்டிலிருந்து எடுத்து அதில் கட்டினாய்.

அடுத்த வருஷமே அதே தொகையை மறுபடி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பத்து வருஷம் கட்ட வேண்டிய பாலிசியாம் அது. நம் சம்பளத்தில் யாரால் முடியும்? விட்டுவிட்டாய். கடைசியில் பிடித்தம் போகக் கைக்கு வந்தது, உன் கால் வைத்தியத்துக்கே போதவில்லை. ஏஜெண்டின் போன் நம்பர் மாறியிருந்தது. மாட்டுங்கா கிளினிக்கைப் பற்றி அப்புறம் நீ பேசவேயில்லை. இன்னும் ஆறு வருஷம் வார்டில் நின்றாய்.

நேற்று அதே கம்பெனியிலிருந்து வேறொருத்தி டியூட்டி ரூமுக்கு வந்தாள். இந்தத் தடவை பரிசு டிபன் கேரியர். அவள் கையிலிருந்து ஃபாரத்தைப் பிடுங்கி, உன்னைப் போலவே மூன்று முறை, ஆனால் சத்தம் போட்டுப் படித்தேன். எத்தனை வருஷம் கட்ட வேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்து எல்லோருக்கும் காட்டினேன். இன்சூரன்ஸ் வேறு, சேமிப்பு வேறு, இரண்டையும் ஒரே ஃபாரத்தில் எவன் கொண்டுவந்தாலும் வெளியே அனுப்புங்கள் என்று கத்தினேன். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் சிஸ்டர்?" என்றாள்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தி படிக்காம கையெழுத்துப் போட்டு ஏமாந்துட்டா" என்றேன். செத்த பிறகும் பழியை உன் தலையிலேயே போட்டேன். தூ.

அந்தக் கடிதம் வந்த அன்று நீ என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுட்டி. நீயும் படிக்காம குறி போட்டுட்டே, நானும் படிக்காம கையெழுத்து போட்டுட்டேன், என்னா?" என்றாய். நான் "ஆமா" என்றேன்.

இல்லை. பென்சில் குறி போடும்போது, எத்தனை வருஷம் கட்ட வேண்டும் என்ற கட்டத்தில் பத்து என்று இருந்ததைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பென்சிலை நிறுத்தக்கூடச் செய்தேன். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நான் படித்தேன்ட்டி.