பக்கத்துக்கு ஐந்து நிமிடம்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சித்ராதேவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் கருப்பசாமியை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், எனக்கும் பாப்பா முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து படி.

அப்பா கம்பெனியில் ஆர்டர் குறைவு, வாரம் நாலு நாள்தான் வேலை. மீதி நாள் வீட்டில் உட்கார்ந்து பாப்பா வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்க்கிறார், அதட்டினால் ஒனக்கு எங்க வலிக்குது என்கிறார். அவர் வெளியே போனதும் நானும் அதையேதான் பார்க்கிறேன், சொல்லிவிடாதே. பாப்பாவுக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது, அவள் உச்சந்தலையை ஒரு தடவை மோந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனசு கிடந்து ஏங்குகிறது. எனக்கு விசா வருவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பிரிட்ஜில் எடுத்து வைத்த உன் தாய்ப்பாலைப் படம் எடுத்து அனுப்பினாய், கீழே தண்ணீராக, மேலே மஞ்சளாகத் திரண்டு இருந்தது. பாப்பாவுக்கு எடை சரியாக ஏறவில்லை என்று அங்கே நர்ஸ் சொன்னதைச் சொல்லி அழுதாய். நானும் யோசிக்காமல், ஒனக்கும் என்னைய மாதிரியே தண்ணிப் பாலு தாயி, பேசாம பவுடருக்கு மாத்திரு என்று சொல்லிவிட்டேன், நீயும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்றாய். நிறுத்தாதே. நான் சொன்னது தப்பு.

பக்கத்து வீட்டு நாகஜோதிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வியாழக்கிழமை அவளைப் பார்க்க வந்த நர்ஸ் அனுசுயாவிடம் உன் படத்தைக் காட்டினேன். ஏனுங்கக்கா, அது கெட்டுப்போகலீங்க, மேல நிக்கறதுதானுங்க கொழுப்பு, லேசா ஆட்டுனாக் கலந்துக்குமுங்க என்று சிரித்தார். குழந்தை வாய் வைத்ததும் பால் நீர்த்துத்தான் வருமாம், மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடுமாம். பாலில் உள்ள தெம்பில் பாதி அந்தக் கொழுப்பில்தானாம், மூளை வளரவும் அது வேண்டுமாம். உனக்குப் பார்சல் கட்டி வைத்திருந்த நெய்யைக் காட்டினேன், இது பால்ல ஏறாதுங்க, உங்க புள்ளை இடுப்புலதானுங்க ஏறும் என்றார், அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு அனுசுயா, ஒரு பக்கம் எவ்வளவு நேரம் பால் கொடுக்கிறாள் என்று கேட்டார். பக்கத்துக்கு ஐந்து நிமிடம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், போனில் அலாரம் வைத்துக் கொடுக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கணக்க உங்களுக்கு யாருங்க சொன்னது, கொழுப்பு வர்றதுக்குள்ள புடுங்கிடறீங்களே என்றார்.

யாரும் சொல்லவில்லை சித்ரா, அது என் பனியன் கம்பெனி டீ டைம். நீ பிறந்த இரண்டாம் மாதமே துணியில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளுக்குத் திரும்பிவிட்டேன், பின்பக்கம் துணி மூட்டை போடும் அறையில் உனக்குத் தொட்டில். டீ டைம் பதினைந்து நிமிடம், ஓடிவந்து கையில் ஒட்டிய பஞ்சைக் கழுவுவதற்குள் ஐந்து போய்விடும், மிச்சம் பக்கத்துக்கு ஐந்து. பெல் அடித்ததும் உன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவேன். அதுவே பழகி வீட்டிலும் அப்படித்தான் கொடுத்தேன். நீ எந்நேரமும் அழுதாய், நோஞ்சானாகக் கிடந்தாய், என் பால்தான் சரியில்லை என்று நாலாம் மாதம் புட்டிக்கு மாற்றினேன். அதே பெல்லை இப்போது என் பேத்திக்கும் அடிக்க வைத்துவிட்டேனே.

அலாரத்தை எடுத்துவிடு தாயி. ஒரு பக்கத்தை அவளாக விடும்வரை குடிக்கட்டும், அதற்குப் பிறகும் கேட்டால் மறுபக்கம் கொடு. எடை பார்க்கப் போவதை விடாதே, அங்கே நர்ஸ் வேறு ஏதாவது சொன்னால் என் பேச்சை விட்டு அவர் சொல்வதைக் கேள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, காதில் துணி கட்டாமல் வெளியே போகாதே.

ராஜ்கமல் மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல். மூவரும் நோய் நொடி அண்டாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பாப்பா வயிறு நிறைந்து, அவளாக வாயை எடுத்துத் தூங்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. பெற்ற பிள்ளை அப்படித் தூங்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

உன் அம்மா,
பாண்டியம்மாள்