சின்னதாகிப்போன மஞ்சள் கார்டிகன்

ஜூன் 3, செவ்வாய்

குளிர். இந்தத் தெற்கு நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். காலையில் கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. ஹீற்றர் போட்டும் கால் விறைப்பு. மிஸிஸ் நாதனின் பிளவுஸ் இரண்டும் தைத்துக் கொடுத்தாயிற்று. கை இறுக்கமாம். அவவின் கை மொத்தமானதற்கு நான் என்ன செய்ய?

பின்னேரம் பழைய சாமான் விற்கும் ஒப் ஷொப். இன்றைய வேட்டை:

– டின் நிறையப் பழைய பொத்தான். அதில் ஐந்தாறு அசல் சிப்பி.
– பச்சை மேசைவிரிப்பு. ஓரமெல்லாம் கைவேலை, ஒரு மூலையில் பூச்சி அரித்தது.
– பின்னல் ஊசி ஒரு சோடி, நுனி வளைந்தது. என் விரலும் வளைந்துதான் கிடக்கிறது.
– ஆம்பிளைச் சுவெற்றர், நல்ல கம்பளி. பிரித்தால் ஏழெட்டு உருண்டை நூல் வரும்.

மற்றவர்கள் கழித்துவிட்ட சாமானுக்குள் கையை விட்டுத் துழாவுகிற சுகம் வேறு எதிலும் இல்லை. பூசையில்கூட இல்லை. பங்குச் சுவாமியிடம் சொல்லக்கூடாது.

மகள் டிலானி போன். ஒன்பதாம் மாதம், கால் வீக்கம். டொக்டர் படுத்திருக்கச் சொல்லிவிட்டார். “அம்மா, பேபிக்கு ஒண்டும் பின்ன வேண்டாம். ப்ளீஸ்.” ஓம் என்றேன். முதல் பிள்ளைக்குப் பின்னியதை அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். பிள்ளை பிறக்குமுன் எதையும் செய்து வைக்கக்கூடாது என்று சனம் சொல்வதை நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் ஊசியைத் தொடவில்லை.

ஜூன் 5, வியாழன்

மழை. காற்சட்டைக்குச் சிப் ஒன்று தேடி மறுபடியும் ஒப் ஷொப். குழந்தைகளின் உடுப்புக் கம்பியில் ஒரு மஞ்சள் கார்டிகன்.

என்னுடையது.

வெளிர் மஞ்சள். முன்பக்கம் இரண்டு கரையிலும் கயிறு போல் முறுக்கிப் போகும் பின்னல். வலது கரையில் கீழிருந்து மூன்றாவது முறுக்கு மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் அவசரத்தில் விட்ட பிழை. முடித்த பிறகுதான் கண்டேன், பிரிக்கப் பஞ்சியில் அப்படியே விட்டேன்.

அந்தக் கார்டிகனை என் கையாலேயே அனிற்றாவுக்குப் போட்டேன். டிலானியின் மூத்தது. வருகிற ஆகஸ்டில் மூன்று வருடம். மூச்சில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று பொத்தானும் பூட்டி, கழுத்தை இழுத்துச் சரிசெய்து, பெட்டியில் வைத்தேன். மூடி போட்டதையும் நின்று பார்த்தேன். அந்தக் கார்டிகன் சவக்காலையில் மண்ணுக்குள் இருக்கிறது.

இங்கே, கம்பியில், பிளாஸ்ரிக் ஹாங்கரில்.

விற்க வைத்திருந்த கதிரையிலேயே இருந்துவிட்டேன். கவுண்டரில் நிற்கும் ஜோய் ஓடிவந்து சுகர் குறைந்துவிட்டதா, பிஸ்கட் வேண்டுமா என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். சிப் வாங்க மறந்துபோனேன்.

ஜூன் 6, வெள்ளி

பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் விரித்து அளந்தேன். என்னுடையது இல்லை. நான் பின்னியது பிறந்த பிள்ளைக்கு. இது ஒரு வயதுப் பிள்ளைக்கு. நூலும் வேறு, கம்பளி கலந்த மலிவு நூல். கையும் வேறு. நான் இளக்கமாகப் பின்னுவேன். இது பல்லைக் கடித்துக்கொண்டு பின்னிய இறுக்கம்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிசு என்பதுதான் கூடப் பயமாக இருக்கிறது.

ஒரு பிழையை யார் பார்த்துப் பின்னுவார்கள்? அந்தக் கார்டிகனைக் கண்டது நான், மகள் டி., மருமகன் றொசான், படம் எடுத்துத் தந்த தாதி. வேறு ஒருவரும் இல்லை.

கைவிளிம்பு இரண்டும் நெகிழ்ந்திருக்கிறது, உள்ளே கை போய் வந்தது போல். மூக்கில் வைத்தால் மண்டரின் தோடம்பழத் தோல் மணம்.

கழுவிக் கொடியில் போட்டேன். காற்று உள்ளே போய் இரண்டு கையும் நிரம்பி, என் பக்கம் திரும்பியது. காயுமுன்பே எடுத்துவந்து அலுமாரிக்குள் வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிய நேரே சவக்காலை. யாருக்கும் சொல்லவில்லை. புல்லில் ஒரு கீறல் இல்லை. சின்னக் கல் வைத்தபடியே. என்ன எதிர்பார்த்து வந்தேனோ, கிழட்டு விசர்.

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. “ஆரம்மா உனக்குப் பின்னித் தந்தது?” என்று கேட்டேன். கேட்ட பிறகு அங்கே நிற்கத் துணிவில்லை. செபமாலை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

ஜோய் என்னைக் கண்டதும் கவுண்டருக்குக் கீழே இருந்து எடுத்து நீட்டினாள். எனக்கென்று எடுத்து வைத்தாளாம். இன்னொரு மஞ்சள் கார்டிகன். இரண்டு வயதுக்காரிக்கு. வலது கரையில், மூன்றாவது முறுக்கு, அதே பிழை.

ஒரே பையில் மூன்று வந்தது, ஆகச் சின்னதை, ஆறு மாத அளவை, அன்றைக்கே யாரோ வாங்கிவிட்டார்கள் என்றாள். “யாருடையதோ பிள்ளை வளர்ந்துவிட்டது, டார்லிங். எவ்வளவு பொறுமையான தாய்.” சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நெஞ்சுப் பக்கம் செம்மஞ்சள் கறை. ஏதோ தின்று சிந்தியது.

ஆறு மாதம், ஒரு வயது, இரண்டு வயது. அனிற்றா இருந்திருந்தால் போட்டிருக்கக்கூடிய அளவுகள்தான்.

ஒன்று மட்டும் தெளிவு. வயிற்றிலிருக்கிற பிள்ளை சுகமாக வந்துசேர வேண்டும். அதுவரை இது டி.யின் காதில் விழக்கூடாது. போன தடவை இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவள். இன்னொரு முறை தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன்.

ஜூன் 11, புதன்

சூப் கொண்டுபோனேன். உண்மையில் உளவு பார்க்கத்தான். பேச்சுவாக்கில் பின்னல் ஊசியை டி.யின் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடி என்றேன். அகப்பை மாதிரிப் பிடித்தாள். “அம்மா, சீரியஸ்லி, எனக்கு இது வராது.” நடிக்கவில்லை. நடித்தால் எனக்குத் தெரியும். அவள் இல்லை.

குசினியில் றொசான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். “மாமி, தேத்தண்ணி?” அவ்வளவுதான் அன்றைய பேச்சு. நல்ல பிள்ளைதான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. ஆனால் கல். அனிற்றாவின் பெட்டியைத் தனியே தூக்கிக்கொண்டு நடந்த மனிசன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்று பின்னேரமே காரைக் கழுவினார். அதை நான் மறக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

டி. கேட்டாள் என்று றொசானுக்கு இடியப்பமும் சொதியும் எடுத்துப்போனேன். காலை ஓட்டம் முடிந்து பின்னேரப் பள்ளி விடும்வரை பஸ்ஸை மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இருப்பாராம். வெறும் மைதானம். ஒரே ஒரு பஸ். முன் கண்ணாடியில் வெயில் தெறித்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

கிட்டப் போனேன். குனிந்த தலை. இரண்டு முழங்கையும் மெல்ல மெல்ல அசைகின்றன. அந்த அசைவு எனக்குத் தெரியாததா? மடியில் மஞ்சள். ஸ்ரியரிங்கில் சாய்த்த போனில் தாதி எடுத்த படம்.

நிமிர்ந்து என்னைக் கண்டார். ஒளிக்கவில்லை. கதவைத் திறந்தார். உள்ளே மண்டரின் மணம். டாஷ்போர்டில் தோல் குவியல்.

“வாங்கோ மாமி. படி உயரம், பார்த்து.”

“எங்க பழகினீங்கள் தம்பி?”

“யூரியூப்பில.”

வேறு என்ன கேட்பது? வாயில் வந்ததைக் கேட்டேன். “அந்த மூண்டாவது முறுக்கு பிழையெல்லோ?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பிழையோ? இதில அப்பிடித்தானே இருக்கு.”

“ஒப் ஷொப்பில ரெண்டு கண்டனான்.”

“ஓம் மாமி. அறையைத் துப்புரவாக்கச் சொன்னனீங்களெல்லோ, புதுப் பிள்ளைக்கு. அதுகள் எங்கட மூத்தவவுக்குச் சின்னனாப் போச்சு. சின்னனாப் போனதைத்தான் குடுத்தனான்.”

எந்தத் தகப்பனும் சொல்வது போலத்தான் சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை. மடியில் இருந்ததைத் தடவிச் சுருக்கம் எடுத்தார். பின் இருக்கைகள் எல்லாம் வெறுமை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு இறங்கினேன்.

வீடு வந்துதான் அழுதேன். யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

தையலில் மனமில்லை. காற்சட்டை மடிப்பு இரண்டு முறை பிரித்தாயிற்று.

சுவாமியிடம் சொல்வதா? டொக்டரிடமா? டி.யிடம் முடியாது. ஒரு பிள்ளையை மண்ணுக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிற மனிசனின் கையில் இன்னொரு பிள்ளையை எப்படிக் கொடுப்பது? வருகிறதைத் தூக்குவாரா? பெயர் மாறிக் கூப்பிடுவாரா? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு அளவு எடுப்பாரா?

இன்னொன்றும் எழுதவேண்டும். அவரைக் கல் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுமாரியைத் திறந்தால் மண்டரின் மணம். இரண்டு கார்டிகனையும் மடித்து மேல் தட்டில் வைத்தேன். பிரித்து நூலாக்க முடியவில்லை. ஊசியை எடுத்தேன், வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. பத்து நாளாக இந்தக் கொப்பியைத் தொடவில்லை.

ஆண் பிள்ளை. காலை. அழுதான்! ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. எல்லாம் சரி, விரல் பத்தும் சரி. டி. சிரித்து, அழுது, பாண் கேட்டு, தின்னுமுன் நித்திரையாகிவிட்டாள். ஆண்டவரே நன்றி. போன் பண்ண வேண்டியவர்கள்: மிஸிஸ் நாதன், சுவாமி, கொழும்பில் தங்கச்சி. பிறகு.

றொசான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொரிடோரில் நடந்தார். நன்றாகத்தான் தூக்கினார், தலையைத் தாங்கி, நெஞ்சோடு அணைத்து. கன்னம் ஈரம். அவர் துடைக்கவில்லை. நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு கூட நடந்தேன். இனிப் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் முடிந்துவிட்டது, உயிருள்ள பிள்ளை கையில் வந்துவிட்டது.

தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அறைக் கதவைப் பார்த்தார், டி. நித்திரையா என்று. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மாமி, கார்டிகன்ர கை அளவு பிழைக்குது. மூண்டு தரம் பிரிச்சிட்டன். மூத்தவவுக்கு இப்ப கை எவ்வளவு இருக்கும்?”

பேரன் அவருடைய நெஞ்சில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். வேண்டாம் தம்பி, விடுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கமக்கட்டில இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒன்பது அங்குலம்,” என்றேன். “வளருற பிள்ளை. பத்தா விடுங்கோ.”