பாதி மாத்திரை

பாவாயி,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. உன் வலிப்பு மாத்திரை வாங்கச் சின்னசேலம் போகிறேன். இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை. நடந்து போய் வர இருட்டிவிடும்.

சட்டியில் கூழ் இருக்கிறது. அடுப்பு, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகாதே. பக்கத்து வீட்டு அம்சவள்ளி வந்து உன்னோடு இருக்கும்.

"மாத்திரை தீந்தா நீ நடக்கணுமேன்னுதான் தினம் பாதியா உடைச்சிப் போட்டுக்கினேன்" என்றாயே, அதைக் கேட்டுத்தான் நேற்று கத்திவிட்டேன். கரும்புக்கு நாம் தண்ணீர் கட்டும்போது மடையைப் பாதி திறந்தால் பாதி வயலா நனைகிறது? வாய்க்கால் மண்ணே குடித்துவிடும். பாதி மாத்திரையும் அப்படித்தானாம், கம்பவுண்டர் சொன்னார்.

டப்பாவில் நீ சேர்த்த பாதிகள் இன்றைக்குப் போதும். இரண்டு பாதி சேர்த்து ஒரு வேளைக்குப் போடு. விட்டதற்கும் சேர்த்து ஜாஸ்தி போடாதே, அது வரப்பை உடைக்கிற தண்ணீர்.

இன்னொன்று. நேற்று வலிப்பு நின்றதும் என்னைப் பார்த்து, "யாரு நீங்க?" என்றாய். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாய். அதுவரைக்கும் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

இன்றும் அப்படி ஆகி, இதை எழுதினது யார் என்று தெரியாவிட்டால் பயப்படாதே. இந்தக் கோணல் எழுத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான்.

உன் வீட்டுக்காரன்
கண்ணுசாமி