ராபர்ட்டைக் கூப்பிட்ட வாய்

என் சரோஜாவுக்கு, என் செல்லத்துக்கு,

இதை எழுதுவது நான்தான். நம் மகள் கவிதா எழுதித் தரவில்லை. மேலே உன் பெயரைப் பார்த்தாயா? அந்த 'ஜா'வைப் போட்டு முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆனால் நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

நீ போன பிறகு அவள்தான் என்னைக் கிள்ளான் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அங்கே பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். துறைமுகத்தில் லோரிக்கு மூட்டை ஏற்றிய கை இது. பென்சிலைப் பிடித்தால் பென்சில் உடைந்தது. "தாத்தா, அது ஓடிப்போகாது, மெதுவா பிடிங்க" என்று டீச்சர் சொன்ன நாளில் மண்டபமே சிரித்தது. இப்போது பார், கடைப் பலகைகளையெல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் போகும்போது சத்தமாகப் படித்துவிடுகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். 'மனசுக்குள்ளே படிங்க' என்கிறார் டீச்சர். மனசுக்குள் படித்தாலும் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டேதானே இருக்கிறது? உனக்கும் அப்படித்தானா? நீ பேப்பர் படிக்கும்போது உன் உதடு அசையும். நான் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வகுப்பில் நாங்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து ஒரு மலர் போடப்போகிறார்கள். இந்தக் கடிதமும் அதில் வரும். வரட்டும். நீ எனக்குச் செய்ததை நாலு பேர் படிக்கட்டும்.

ஆமாம், சரோஜா. எழுதத் தெரிந்ததும் முதல் வேலையாக உன்னோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். ஆனால் நீ எல்லோரையும் மிஞ்சியவள். தங்கவேலு என்ற பெயரில் ஒரு துண்டுகூட உன் வாயில் வராது. நகைக்கடையில் போய் 'தங்கம்' என்று சொல்லமாட்டாய், பவுன் என்பாய். தைப்பூசத்தன்று பத்துமலையில் அத்தனை கூட்டமும் "வேல் வேல்" என்று கத்தும்போது நீ மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு கையைத் தட்டுவாய். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் கவிதாவின் இடுப்பைக் கிள்ளுவாய், அவள் சொல்லுவாள். அவள் கல்யாணமாகி காஜாங்குக்குப் போனபிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பாய். என் பெயருக்கு அர்ச்சனை செய்ய நானே என் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பேன்.

எனக்கு அதில் கோபமே இல்லை. பெருமைதான். இவள் வாயில் என் ஆயுள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஆசை இருந்தது. உன் பெயரை நான் சந்தையில் கத்தினேன், ரயில் மேடையில் கத்தினேன். என் பெயரை ஒரு தடவை உன் குரலில் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

"சும்மா ஒரு தடவ சொல்லு. நர்ஸ்கூட இல்ல."

"அட போங்க. நான்தான் போறேன், நீங்களாச்சும் இருங்க."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. சிரித்தாயா, அழுதாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் சாவுக்கு ஒரு சீன அம்மா வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "ராபர்ட், ராபர்ட்" என்று அழுதார். பாவம், வேறு யாரோ வீட்டுச் சாவுக்குப் போகவேண்டியவர் இங்கே வந்துவிட்டார் போல என்று நினைத்தேன். கவிதாவைக் கூப்பிட்டு அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன். பிறகு மறந்தே போனேன்.

போன மாதம் உன் வருஷத் திதி வந்தது. நீ வேலை செய்த டோபிக் கடைக்காரர்களையும் சாப்பிடக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. எத்தனை வருஷம் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வந்தாய்! நான் ஒருநாள்கூட அந்தக் கடைப் பக்கம் வந்ததில்லை. உனக்கு வேலை நாள் என்றால் எனக்கும் வேலை நாள். திதிக்கு ஒரு வாரம் முன்னால் தனியாகப் போனேன். பூக்கடை, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். மாப்பிள்ளை மாதிரி நடந்தேன் என்று வைத்துக்கொள்ளேன்.

கடை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண், மாலாவாம் பெயர், என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஐயோ, வாங்க ராபர்ட் அங்கிள்!"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உங்களத்தான் அங்கிள். செத்த வீட்ல பாத்தேனே."

"ராபர்ட்டா? அது யாரும்மா?"

"என்ன அங்கிள் வெளையாடறீங்க? சரோஜா ஆன்டியோட வீட்டுக்காரரு."

ஒரு நிமிடம், சரோஜா. ஒரே ஒரு நிமிடம் என் புத்தி எங்கெங்கோ போய்வந்தது. இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாள்.

"பூனைய பாத்துட்டு கட்டில் மேல ஏறி நின்னது நீங்கதானே? மீன் தலைய யாருக்கும் குடுக்க மாட்டீங்களாமே? கவிதா கல்யாணத்துல பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு அழுதீங்களாமே?"

பூனை நான்தான். மீன் தலையும் நான்தான். ஆனால் அந்த பாத்ரூம்? குழாயைத் திறந்துவிட்டு அல்லவா அழுதேன். உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ஊரான் துணியை மடித்துக்கொண்டே ஊராரிடம் சொல்லியிருக்கிறாய்.

அதற்குள் உள்ளேயிருந்து அந்த சீன அம்மா வந்தார். அவர்தான் உன் முதலாளி நான்சி என்று அப்போதுதான் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரொம்ப வருஷமாகக் கடை வைத்திருப்பதால் தமிழும் மலாயும் கலந்து நன்றாகவே பேசுகிறார்.

"ஹையா, ராபர்ட்! மாசோக், மாசோக்!" என்று உள்ளே இழுத்து உட்காரவைத்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டே விட்டேன். "அம்மா, நான் ராபர்ட் இல்ல. எனக்கு ராபர்ட்னு யாரு பேரு வச்சது?"

"நான்தான் லா!" என்று நெஞ்சைத் தட்டினார். "மொத நாள் கேட்டேன், சரோஜா, உன் புருஷன் பேரு என்னா? சொல்ல மாட்டா. சிரிக்கிறா. நான் நெனச்சேன், ஜெயில்ல இருக்கானோ? ஓடிப்போய்ட்டானோ?"

மாலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்புறம் ஆன்டியே சொன்னாங்களாம், 'பாஸ், நீங்களே ஒரு பேரு வச்சுக் குடுங்க'ன்னு."

"நான் ஜான் சொன்னேன். வேணாம். பீட்டர் சொன்னேன். வேணாம். டேவிட், அதுவும் வேணாம். ரொம்ப சூசா லா, ரொம்ப கஷ்டம் உன் பொண்டாட்டி! கத்தரிக்கா பொறுக்குற மாரி பொறுக்குறா."

"தெரிஞ்ச ஆளு பேரா இருக்கக் கூடாதாம் அங்கிள். ஜான்னு உங்க லைன் வீட்ல ஒருத்தர் இருந்தாராமே. ராபர்ட்னு அவங்களுக்கு உலகத்துல ஒருத்தரையும் தெரியாதாம். அது போதும்னுட்டாங்க."

நான்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தன் பெயரும் நான்சி இல்லை என்றார். சியூ லான் என்பதுதான் தாய் வைத்த பெயராம். சின்ன வயதில் வேலை செய்த இடத்தில் யார் வாயிலும் நுழையவில்லையாம், அதனால் இது. எனக்கு அது புரிகிறது. நுழையாத வாய்க்காக வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். உன் வாயில் என் பெயர் நுழையாமலா போனது, சரோஜா?

"நாள் பூரா ராபர்ட், ராபர்ட்தான்" என்றாள் மாலா. "கோவம்னா 'இந்த ராபர்ட்ட என்ன பண்றதுன்னே தெரியல'ம்பாங்க. சம்பள நாளன்னிக்கு 'ராபர்ட்டுக்கு ஒரு சட்டை எடுக்கணும்'பாங்க."

நாள் பூரா! நான் ஒரு தடவைதானே கேட்டேன்?

ரயிலில் திரும்பி வரும்போது எந்தப் பலகையையும் படிக்கவில்லை. என் பூனையும், என் மீனும், என் அழுகையும் ராபர்ட் என்ற ஒருத்தன் பெயரில் அந்தக் கடையில் கிடக்கின்றன. எனக்குக் கிடைத்தது 'என்னங்க'. அதைத் தெருவில் எந்தப் பெண் சொன்னாலும் பத்து ஆண்கள் திரும்புவார்கள். வீட்டிலாவது ஒருநாள் ராபர்ட் என்று கூப்பிட்டிருக்கலாமே? யார் அவன் என்று கேட்டிருப்பேன். நீ சொல்லியிருப்பாய். இருவரும் சிரித்திருப்போம். ஏன் என்னிடம் மறைத்தாய்?

கவிதாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அம்மா உங்கள காப்பாத்திட்டு ராபர்ட் ஆயுச செலவு பண்ணிருக்காங்க" என்றாள். அவளுக்கு என்ன? அவள் தன் புருஷனை "டேய் சுரேஷ்" என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் ஆயுள் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. தொப்பைதான் கூடியிருக்கிறது.

திதிச் சாப்பாட்டுக்கு நான்சியும் மாலாவும் வந்தார்கள். சொந்தக்காரர்கள் நடுவில் என்னை ராபர்ட் என்று கூப்பிட்டார்கள். உன் தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மாலா பாயசம் குடித்துக்கொண்டே இன்னொரு கதை சொன்னாள், நான் உனக்குத் தோடு வாங்கி வந்து கொடுக்கக் கூச்சப்பட்டு அரிசிப் பானையில் போட்டுவைத்த கதை. உன் குரலிலேயே சொன்னாள், சரோஜா. நீ இழுக்கிற மாதிரியே இழுத்தாள். என் காது அவளிடமே போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால் ஒரு சத்தியம் செய்கிறேன். கோபம் தீரவில்லை, அது வேறு. ஆனால் அந்தக் கடைக்குப் போவேன். வாரத்தில் ஒருநாள் போய் உட்காருவேன். என்னைப் பற்றி நீ பேசியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கடைசிக் கதைவரைக்கும் கேட்காமல் விடமாட்டேன். அங்கே அவர்கள் ராபர்ட் என்று கூப்பிட்டால் 'ஆமாம்' என்று திரும்புவேன்.

ஆனால் இந்தக் கடிதத்தில் கையெழுத்து ராபர்ட்டுக்குக் கிடையாது. கீழே என் பெயர் இருக்கிறது. முழுசாக, கொட்டை எழுத்தில், நானே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படிக்கமாட்டாய், தெரியும். மனசுக்குள் படித்தாலும் உள்ளே ஒரு குரல் சொல்லித்தான் ஆகவேண்டும். நன்றாக மாட்டிக்கொண்டாய். உன் உதடும் அசையும்.

என் ஆயுளைப் பற்றிப் பயப்படாதே. குறைந்தால் எங்கே போய்விடப்போகிறேன்? உன் பக்கம்தானே.

உன் வீட்டுக்காரன்,
தங்கவேலு