வெங்காய வண்டியில் உன் குரல்

இன்றைக்குக் காலையிலும் வந்தாய். வாயில் பிரஷ்ஷோடு ஹாஸ்டல் மாடிப்படியில் நிற்கிறேன், துறைமங்கலம் முனையில் வண்டி திரும்பும்போதே உன் குரல் கேட்டுவிட்டது. "வாங்கம்மா வாங்க, வாங்கக்கா வாங்க, நம்ம காட்டுச் சின்ன வெங்காயம், உரிச்சுப் பாத்து வாங்கலாம்!" அப்புறம் அந்தக் காய்ந்த சருகு வாசனை. செத்து ஏழு மாதம் ஆகியும் வாயை மூட மாட்டேன் என்கிறாயே, என்ன ஜென்மம்டி நீ. நுரையைத் துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கீழ் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "பல்லு வலியா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தப் பெரம்பலூரில் யாரிடம் சொல்வது? ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற, அரியலூர்ப் பக்கத்துப் பெண் என்றுதான் என்னை எல்லாருக்கும் தெரியும். நான் ராப் பாடுகிறவள் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீயும் போனபிறகு அது எனக்கே பாதி நேரம் பொய் போல இருக்கிறது.

முதல் நாள் நீ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாய். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு ஏற்றபடி நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீ கவுண்டரில் விரலால் தட்டி, "ரெண்டாவது வரில மூச்சு வாங்குறல்ல, அங்க வாங்காத. அடுத்த வரிக்கு அப்புறம் வாங்கு" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. "நீ யாரு டீச்சரா?" என்றேன். "ஜவுளிக்கடை வாசல்ல மைக்கு புடிக்கிறவ. பதினோரு மணி நேரம் கத்துறேன், எனக்குத் தெரியாதா மூச்சு?" என்றாய். சில்லறை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாய். அவ்வளவுதான், நமக்குள் ஒட்டிக்கொண்டது.

கையில் என்ன இருந்தது நமக்கு? என்னுடைய கீறல் விழுந்த போன். அதில் இலவசமாக இறக்கிய ஒரு ஆப், அதில் நான் தட்டித் தட்டிச் செய்த பீட். காலுறையைக் கிழித்துச் சுற்றிய இயர்போன் மைக். ஹாஸ்டலில் பேசினால் வார்டன் வருவார், கடையில் பேசினால் முதலாளி வருவார். திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நீ சொன்னாய்: "எங்க வூட்டுக்கு வாடி. பருத்தி வந்துருச்சு."

எனக்குப் புரியவில்லை. அரும்பாவூரைத் தாண்டி உன் வீட்டுக்கு வந்து பார்த்தபிறகுதான் புரிந்தது. காட்டில் எடுத்த பருத்தியை விலை ஏறட்டும் என்று உன் அப்பா உள்ளறையில் கொட்டி வைத்திருந்தார். நாலு சுவரிலும் ஆள் உயரத்துக்குப் பருத்தி. நடுவில் இரண்டு பேர் குந்துகிற அளவுக்கு இடம். கதவைச் சாத்தியதும் வெளியே ஆடு கத்துவது நின்றுவிட்டது. என் குரல் எனக்கே முதல்முறையாகச் சுத்தமாகக் கேட்டது. "திருச்சிக்காரன் இதுக்குத்தான் அம்புட்டுக் கேக்குறான்" என்று சிரித்தாய். உன் தலை முழுக்கப் பஞ்சு.

வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனால் ஸ்டூடியோவும் போய்விடும். அடுத்த எடுப்புக்குக் காட்டில் காய் வெடிக்கிறவரை பாட்டுக்கு லீவு. எந்த ஊரில் இப்படி ஆல்பம் போட்டார்கள்?

நம் பாட்டில் இரண்டு பங்கு. முதல் பதினாறு வரி என்னுடையது, எங்கள் ஊர் சிமெண்ட் லாரிப் புழுதியைப் பற்றி. அடுத்த பதினாறு உன்னுடையது, கடை வாசலில் நிற்கிற காலைப் பற்றி. நான் நோட்டில் எழுதி எழுதி அடிப்பேன். நீ ஒரு வரியையும் எழுத மாட்டாய். "எழுதி வெச்சா நாக்கு சோம்பேறி ஆயிடும்" என்பாய். இப்போது பார், எனக்கு நினைவில் இருப்பது இரண்டே வரி:

*உட்காரலாம்னு சட்டம் வந்துச்சு, ஸ்டூலு மட்டும் வரல,*
*காலு ரெண்டும் கேள்வி கேக்குது, வாயி பதில் தரல.*

மீதிப் பதினாலு எங்கே என்று கேட்பாய். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பொங்கல் வியாபாரம் முடிந்த மறுநாள். பத்து நாள் கத்தியதில் உன் தொண்டை கட்டிப் போயிருந்தது. இருந்தும் பருத்திக்குள் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதினாறையும் முடித்தாய். நான் இயர்போனில் கேட்டேன். கடைசி வரியில் உன் குரல் உடைந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பங்கைவிட அது நல்லா இருந்தது, அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

நீ கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாய். "கழுத கத்துற மாதிரி இருக்குடி. அழிச்சிடு, அடுத்த எடுப்புல பாத்துக்கலாம்." வாசலில் வெங்காய அண்ணன் லோடு ஆட்டோவோடு நின்றார். உன் அப்பாவிடம் வெங்காயம் எடுத்து டவுனில் விற்கிறவர். தன் வண்டிக்கு ஒரு குரல் வேண்டும் என்று நம்மிடம் கேட்டிருந்தார். நல்ல மைக் வாங்க முன்பணம் ஆகும் என்று நாமும் ஒப்புக்கொண்டிருந்தோம். என் போனிலோ இடமில்லை. எதையாவது அழித்தால்தான் வெங்காயம் ஏறும்.

என் பங்கை அழித்திருக்கலாம். இல்லையா, "நல்லா இருக்குடி லூசு, இதுதான் வேணும்" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை தெரியுமா? பொறாமை. உன்னிடம் இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? உன்னுடையது கொஞ்சம் கம்மியாகவே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அழித்தேன். நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெங்காயத்தை ஆரம்பித்தாய். விளம்பரத்தைக்கூட நம் பீட்டின் தாளத்தில்தான் பேசினாய். "மூணு கிலோ நூறு ரூபா, ரெண்டு நிமிஷந்தான் வண்டி நிக்கும்!" வெங்காய அண்ணன் கைதட்டினார்.

அந்த வாரமே பருத்தி விலை ஏறியது, உன் அப்பா விற்றுவிட்டார். அடுத்த எடுப்பு வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. பெரம்பலூரில் சேர்த்தார்கள், அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் உன் அண்ணன் போன் செய்தார். நான் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்து, கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கடையைவிட்டு இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பாட்டை முடிக்கச் சொல்லி நானே என்னைத் திட்டிக்கொண்டேன். திருச்சியில் ஒரு கல்லூரி விழாவில் வாய்ப்பும் கிடைத்தது. என் பங்கைப் பாடினேன். உன் பங்கு வந்தபோது வேறு ஏதாவது போட்டு நிரப்ப மனம் வரவில்லை. பீட் ஓட, மைக்கைப் பிடித்தபடி பதினாறு வரி நேரமும் சும்மா நின்றேன். "அக்கா, மைக் அவுட்டு!" என்று பையன்கள் கத்தினார்கள். மேடைப் பக்கம் இருந்த பையன் ஓடிவந்து வயரை ஆட்டிப் பார்த்தான். அவ்வளவு கூட்டத்தில் அப்படி ஒரு தனிமையை நான் பார்த்ததில்லை.

உன் வீட்டுக் கதை உனக்குத் தெரியாதே. வெங்காய அண்ணன் லோடு ஏற்ற உங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா வண்டியை நிறுத்திவிடுகிறாராம். அண்ணன் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க காட்டு வெங்காயத்தையே எங்கிட்ட காசு குடுத்து அரைக் கிலோ வாங்குது பாப்பா. சும்மா வெச்சுக்கங்கன்னா, 'சும்மா வாங்குனா நீ நிக்க மாட்ட'ங்குது. நின்னா ஸ்பீக்கர நிறுத்துவேன்ல, அதையும் நிறுத்த விடல. 'ஓடட்டும்ப்பா, ஓடட்டும்'னு நிக்குது. நான் எந்தப் பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிறது?"

அவர் வந்தது வேறு காரியத்துக்கு. விலை ஏறிவிட்டது. இனி ரெண்டு கிலோதான் நூறு. "நீயே புதுசா பேசிக் குடுத்துடு, பழச எடுத்துடலாம்" என்றார். எடுப்பதா? பெண்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். 'ரெண்டு நிமிஷந்தான்' என்பதிலிருந்து உன் 'ரெண்டு'வை வெட்டி, 'மூணு' இருந்த இடத்தில் ஒட்டினேன். மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போயிற்று. தாளம் தப்பாமல் உட்கார்ந்தது. நீ தெருவில் தொடர்ந்து கத்தினாய்.

போன வாரம் மறுபடி வந்தார். மழையில் வெங்காயம் அழுகி விலை எகிறிவிட்டது. ஒன்றரைக் கிலோ நூறு.

நீ எங்கேயும் ஒன்றரை என்று சொல்லவில்லை. உன் பழைய வாட்ஸ்அப் குரல்களை எல்லாம் தோண்டினேன். "செத்த இருடி", "சாப்டியா", "பஸ்ஸ வுட்டுட்டேன்", "மூதேவி, போன எடு." ஒன்றரை இல்லை. வேறு வழியில்லாமல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, அந்த ஒரே ஒரு சொல்லை நான் பேசினேன். பதினேழு தடவை பேசினேன். மூச்சு எங்கே வாங்கக் கூடாதோ அங்கே வாங்காமல் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். வண்டி வந்தது. உன் அம்மா முறத்தோடு வாசலில் நின்றார். உன் குரல் வாங்கம்மா என்றது, நடுவில் நான் ஒன்றரை என்றேன், நீ கிலோ நூறு ரூபா என்றாய். அம்மா சட்டென்று திரும்பினார்.

"நடுவுல யாரு அது?"

"நான்தாம்மா."

முறத்தைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அழித்ததைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உள்ள ரெண்டு பேரும் சேந்துதான் பேசுனீங்களா? இத்தன நாளு அவ மட்டும் தனியா கத்திக்கிட்டுப் போறாளேன்னு இருந்துச்சு பாப்பா."

நான் ஆமாம் என்றேன். இன்னொரு பொய். அண்ணன் ஸ்பீக்கரை நிறுத்தவில்லை, வெங்காயத்தை அளந்துகொண்டே இருந்தார்.

நம் பாட்டு இன்னும் முடியவில்லை. உன் பதினாறு வரி வெறும் பீட்டாகத்தான் என் போனில் இருக்கிறது. அதை யாரைக் கொண்டும் நிரப்ப மாட்டேன். ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாடிய ஒன்று தினமும் பெரம்பலூர்த் தெருக்களில் ஓடுகிறது. கேட்கிறவர்கள் கூடையோடு ஓடிவருகிறார்கள், விலையைக் கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள்.

விலை இறங்கினால் அண்ணன் மறுபடி வருவார். உன் 'ரெண்டு' இருக்கிறது, 'மூணு' இருக்கிறது, என் சொல்லை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டியதுதான். மெஸ்ஸில் எல்லாரும் சாம்பாரில் வெங்காயமே இல்லை என்று புலம்புகிறார்கள். விலை இறங்கக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு, நான் மட்டும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.