ஆறாவது சிடி

14 ஆகஸ்ட் 2007, செவ்வாய், இரவு

ஜோசப் சொன்னது மண்டைக்குள்ளயே நிக்குது.

தனியா கிடார் வச்சு எழுதிப் பாடுறவங்க, காலேஜ்ல யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன பேண்டுங்க, இதுதான் எங்க ரெண்டு பேருக்கும் உசுரு. ஆறு எம்பி3 சிடி அவன்தான் காப்பி பண்ணிக் குடுத்தான். போன வாரம் நானே எழுதின இங்கிலீஷ் பாட்டை அவன்கிட்ட பாடிக் காட்டினேன். என் பாட்டுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அயர்லாந்துக்காரன் ஒருத்தன் பாட்டுன்னு சொல்லிட்டேன்.

இன்னிக்குச் சிதம்பரத்துலேருந்து பஸ்ஸுல திரும்பி வர்றப்ப, ஆலப்பாக்கம் தாண்டினதும் ஆரம்பிச்சான்.

"மச்சான், அந்த அயர்லாந்துக்காரன் பாட்டு சுட்டதுடா. அதே மெட்டு நான் முன்னாடியே கேட்டிருக்கேன்."

"எதுல?"

"உங்கிட்ட இருக்குற சிடியிலதான். எதுன்னு ஞாபகம் வரல."

எந்தப் பாட்டைச் சொன்னாலும் அவன் முன்னாடியே கேட்டிருப்பான். ஒரு தடவை வேணும்னே இல்லாத பேண்ட் பேரைச் சொன்னேன். அவுங்க பழைய ஆல்பம்தான் நல்லாருக்கும்னான். இதுவும் அந்த மாதிரி பீலாதான்.

ஆனா வெள்ளிக்கிழமை காலேஜ் விழாவுல அதே பாட்டைப் பாட, சொந்தப் பாட்டுன்னு பேரு குடுத்திருக்கேன்.

வீட்டுக்கு வந்ததுலேருந்து ஹெட்போனும் கையுமா, ஒவ்வொரு பாட்டா ஓட்டி ஓட்டி அஞ்சு சிடி பாத்துட்டேன். எதுலயும் இல்ல.

ஆறாவது சிடியில பாடுறவன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவன். மூணு வருஷமா தினமும் கேக்குறேன். அதை மட்டும் இன்னும் கவரை விட்டு எடுக்கல.