திரைக்குப் பின்னால் ஓடிய மெஷின்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், என் பொறுமைக்குத்தான் நலமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் என்னத்தைத் தெரிந்துகொள்வது, அதனால்தான் கடிதம்.

நம் தெருவை இடித்துவிட்டு நான்கு மாடிக் குடியிருப்பு கட்டித் தரப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதன் வரைபடத்தைப் போன வாரம் நகராட்சிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நமக்கு மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை, கட்டிலைப் போட்டால் மிச்சம் இருப்பது கதவு திறக்கிற இடம்தான். தையல் மெஷினை எங்கே வைப்பது, என் தலையிலா? அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி, மூன்று மாடி ஏறியா வருவார்கள், இருபத்தாறு வருடத் தொழில் அத்தோடு சரி. இஸ்திரிக்காரருக்கு நான்காவது மாடியாம், வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டா ஏறுவார். இதை எந்தப் புண்ணியவான் வரைந்தான் என்று திட்டிக்கொண்டே உள்ளே போனேன். அதிகாரி நிதானமாக ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ‘வீட்டில் வைத்துத் தொழில் செய்வோர்’ என்ற கட்டத்தில் நம் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரு சைபர்.

சைபர் வராமல் என்ன செய்யும்? கணக்கெடுக்க ஆள் வருகிறது என்றதும், தொழில் செய்வது தெரிந்தால் கடை என்று எழுதிவிடுவார்கள், வீடு கிடைக்காது, எல்லாவற்றையும் மறைத்து வையுங்கள் என்று நீ அப்பாவிடம் போனில் சொன்னாயா இல்லையா? படித்த பிள்ளை சொல்லிவிட்டாள் என்று உன் அப்பா அதைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். மெஷினுக்கு முன்னால் திரை கட்டினார், இஸ்திரிக்காரர் வண்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டார், எதிர்வீட்டுச் சமையல்கார அக்கா அண்டா குண்டாவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக் காய்ச்சல் என்றாள். கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், வெயிலில் முகம் வாடி, தோள்பையின் வார் அறுந்து தொங்க, வாசலில் நின்றாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, பையை வாங்கித் திரைக்குப் பின்னால் போய் இரண்டே நிமிடத்தில் தைத்துக் கொடுத்தேன். கடகடவென்று மெஷின் ஓடியது அவள் காதில் விழவில்லையா, நன்றி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுத் தொழில் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். நான் சொன்னதைத்தானே எழுதினாள், அவளைச் சொல்லி என்ன.

நகராட்சியில் அதே பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் தொழில் செய்வதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டாரா, எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் பையை எடுத்து அவர் மேசைமேல் வைத்து, “இந்த வாரை யார் தைச்சதுன்னு அவளையே கேளுங்க” என்றேன். அவள் முகம் சிவந்து, இவங்கதான் சார் என்றாள். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில் செய்கிறவர்களுக்குத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்க வழி இருக்கிறதாம், வருகிற வியாழக்கிழமை மறுபடி வருவார்களாம், அன்று கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார்கள், அதற்குப் பிறகு வரைபடத்தில் கை வைக்க முடியாது என்றார்.

இதை வந்து சொன்னால் உன் அப்பா மறுநாள் புதுத் திரை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார், பழையது சாயம் போய்விட்டதாம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அதை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டேன், இரண்டு உனக்கு அனுப்புகிறேன்.

நல்லா இரு கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள். வியாழக்கிழமை சாயங்காலம் வரை அப்பாவுக்குப் போன் செய்து யோசனை எதுவும் சொல்லித் தொலைக்காதே. நீயும் அங்கே ஊராருக்கு வீடு வரைகிறவள்தானே, இனி யார் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனாலும் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு எழுது. அங்கேயும் ஒரு அம்மா, மகள் பேச்சைக் கேட்டு எதையாவது ஒளித்து வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டுவிட்ட
உன் அம்மா